மைக்கலின் முதல் ரசிகர்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா கடன். அவ்வளவையும் கடைக்கார ஜவாஹிர் நானா ஒரே கோட்டில் வெட்டிவிட்டார் என்று சொல்லி, மைக்கலின் மனைவி லூசியா பத்துக் கிலோ அரிசியைத் தோட்டத்து லயத்து வாசலில் இறக்கி வைத்தாள்.

அவன் கையில் இருந்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. பழைய கடனைக் கட்டும்வரை ஒரு நெருப்புப்பெட்டிகூடத் தரமாட்டேன் என்று போன மாதம் நாலு பேர் முன்னால் சொன்ன மனுசன் அந்த நானா. எல்கடுவயில் அவர் ஒருவன் கணக்கை வெட்டியது ஒரே ஒரு தடவைதான். அது ஜுனைதீனுக்கு, அதுவும் மையவாடியில், அடக்கம் முடிந்த கையோடு.

"என்னதான் சொன்னாரு?"

"ஒங்க படத்த போன்ல பாத்தாராம். நெஞ்ச அடைச்சிருச்சாம். மைக்கல் மாதிரி ஒரு ஆளு இனி கெடைக்காதுன்னு கண்ணு கலங்கிட்டாருங்க. நான் காசுன்னு வாயத் தொறக்கவே விடல."

மைக்கலுக்கு விளங்கிவிட்டது. எல்லாம் கலை செய்கிற வேலை.

மூன்று மாதத்துக்கு முன் சிங்கள டெலிநாடகம் ஒன்றைப் படம்பிடிக்கத் தோட்டத்து மாதா கோயிலுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். செத்த வீட்டுக் காட்சி. பிணமாகப் படுக்க வந்தவன் பெட்டியைக் கண்டதும் காய்ச்சல் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான். மூவாயிரம் ரூபாவும் ஒரு சோத்துப் பார்சலும் என்றார்கள்; மைக்கல் ஏறிப் படுத்தான். படுத்துக் கிடந்ததற்கு அவனுக்குச் சம்பளம் கிடைத்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

கதாநாயகி அவன் மேல் விழுந்து அழுதாள். அவள் டிவியில் அழுதால் லயத்துப் பெண்கள் சோறு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல் சேர்ந்து அழுவார்கள். அப்பேர்ப்பட்டவளின் கண்ணீர் ஒரு சொட்டு மூக்கில் விழுந்ததற்காக மைக்கல் இரண்டு நாள் முகம் கழுவவில்லை.

நாடகம் டிவியில் ஓடியபோது பெரிய நடிகர் மைக்கல் தூரத்து நாவுலயில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கிழமை வேலை. மகள் டிலுக்ஷிதான் அந்தக் காட்சியைப் போனில் பிடித்து, பெட்டி, மெழுகுதிரி, அப்பாவின் முகம் எல்லாம் தெரிய ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். கீழே 'எங்க அப்பா' என்று எழுதி, ஒரு சிவப்பு இதயம். நேற்று இருட்டிய பிறகு வீடு திரும்பியவன் அதையே பதினேழு தடவை பார்த்துவிட்டான்.

"மூச்ச அடக்கினேன் பாரு, அங்கதான் இருக்கு விசயம்" என்றான். "எல்லாராலயும் ஏலாது."

"வீட்லயும் ஒங்களுக்கு அதே வேசந்தானே. காலையில எத்தன தடவ எழுப்புறேன்" என்றாள் லூசியா.

"நேர்ல போயி நாலு வார்த்த பேசிட்டு வாறேன். ரசிகருங்கள நாமதான் மதிக்கணும்."

"அப்பா, ரசிகருங்க கையெழுத்து கேப்பாங்க" என்றாள் டிலுக்ஷி, அரிசி மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டே.

அது மைக்கலைக் கொஞ்சம் கலக்கியது. நாற்பத்தைந்து வயதில்தான் அவன் எழுத்துக் கூட்டப் படித்தான், அதுவரை கைநாட்டு. 'மை' நன்றாக வரும். அதற்கப்புறம் எழுத்துகள் மேட்டில் ஏறும் கிழட்டு லொறி மாதிரி ஒவ்வொன்றாக முக்கும். பழைய சம்பளத் துண்டின் பின்பக்கத்தில் அரை மணி நேரம் எழுதிப் பழகினான். கோயிலுக்கு உடுத்தும் சேர்ட்டைப் போட்டான். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மேர்வினிடம் கறுப்புக் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு கடைக்கு இறங்கினான்.

ஜவாஹிர் நானா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்துக்கு நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே நின்றார். பருப்பு தராசைத் தாண்டி மேசையில் கொட்டி, மேசையிலிருந்து தரையில் கொட்டியது.

ரசிகன் என்றால் அப்படித்தான் என்று மைக்கல் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டான். கதாநாயகி வான் வண்டியில் இருந்து இறங்கியபோது அவன் கையிலிருந்த சோத்துப் பார்சலும் இப்படித்தான் கீழே விழுந்தது.

"பதறாதீங்க நானா. நாமளும் மனுசன்தானே."

நானாவின் உதடுகள் சத்தமில்லாமல் எதையோ ஓதின. மேசையைச் சுற்றி வந்தார். மைக்கலின் கையைப் பிடித்துப் பார்த்தார். நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முகத்தை உற்றுப் பார்த்தார். இவ்வளவு ஆசையோடு பார்க்கிறாரே என்று மைக்கல் ஒரு கண்ணைச் சிமிட்டிக் காட்டினான்.

நானா சீனி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு எட்டிக் கணக்குக் கொப்பியை எடுத்து, மைக்கலின் பக்கத்தைத் தேடி விரித்தார். பக்கம் முழுக்கக் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. காதில் செருகியிருந்த பேனையை எடுத்து நீட்டினார்.

மைக்கலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மகள் சொன்னது சரிதான். பேனையை வாங்கி, மனதுக்குள் 'மை' என்று ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டான்.

"எந்த எடத்தில போடணும் நானா?"

நானா கோட்டுக்குக் கீழே விரலை வைத்தார்.

"வெட்டின கடன நான் திருப்பிக் கேக்கமாட்டன், உசுரோடதான் இருக்கேன்னு மட்டும் இதில ஒரு கையெழுத்துப் போடு."