சம்பந்தி வீட்டு மாடி ஜன்னல்

"மணிய அழுத்துங்கன்னா..." "இருடி, அந்தத் தூணப் பாரேன், ஒரே கல்லு!" "தூணுக்கா கட்டிக் குடுத்தோம்? பையனுக்குத்தானே!" பெரிய மனிதர்கள் வாழும் அமைதியான தெருவில், இரும்புக் கதவுக்கு வெளியே நின்று நூறு வருஷத்து வீட்டை அண்ணாந்து அண்ணாந்து புகழ்கிறார் அவர். கல்யாணமான மாதத்திலிருந்தே மகள் போனை எடுக்காததால்தான் மனைவி அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். புல்வெளியில் தண்ணீர் தூவும் குழாய் சிர்சிர்ரென்று தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. "அந்தக் கண்ணாடி வேலைப்பாட்டப் பாத்தியா?" என்று உரக்கச் சொல்லி அவர் கை நீட்டிய மாடி ஜன்னலில், மாலை வெயிலில் சிவந்த கண்ணாடிக்குப் பின்னால் மகள் வந்து நிற்கிறாள். சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை. மெல்ல உதட்டின்மேல் விரலை வைக்கிறாள். நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. "என்னங்க, அவளுக்குப் பின்னால யாருங்க நிக்கிறது?"