ஆபீசர் சபலம்

“சபலம்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்!”

மருதமுத்து போட்ட சத்தத்தில் லேக் மார்க்கெட் தமிழர் மன்றத்தின் மாடி அறை அதிர்ந்தது.

தலைவர் சேஷாத்ரி பேனாவை மூடினார். “உக்காருங்கோ மருதமுத்து. இது கமிட்டி. கிதர்பூர் கப்பல் டாக் இல்லை.”

“டாக்ல கிரேன் ஓட்டினவன்தான் சார். அதுக்காகக் காது கேக்காம போயிடல.”

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் தமிழரசி. செயலாளர் விஸ்வநாதன் போன வாரம் அவளைப் புத்தக அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இன்று அவளே படியேறி வந்து கமிட்டி முன்னால் சொல்லிவிட்டாள். விஸ்வநாதன் வரவில்லை. ஜுரமாம்.

‘சபலத்தால் நேர்ந்த சிறு தவறு’ என்று தீர்மானம் எழுதி, மன்னித்து, முடித்துவிடப் பார்த்தது கமிட்டி.

மருதமுத்துவுக்கும் விஸ்வநாதனுக்கும் ஆகாது. ஒரு பொங்கல் விருந்தில், “இது ஆபீசர்ங்க வரிசை” என்று, இலையில் உட்கார்ந்திருந்த இவரை எழுப்பிவிட்டவர் விஸ்வநாதன். அன்றிலிருந்து மன்றத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை மருதமுத்து.

“பழைய கோபத்தைத் தீர்த்துக்கறீங்க,” என்றார் சேஷாத்ரி.

“ஆமா, தீர்த்துக்கறேன். கோபம் இருந்தா கண்ணு தெரியாதா?”

“சபலம்னா என்ன? மனசு அலையறது. யார் மனசுதான் அலையல?”

“மனசு அலைஞ்சா மனசோட நிக்கணும். கை எதுக்குப் போச்சு?”

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரிப்பை மண்கோப்பைக்குள் விழுங்கினார். “அப்ப, சில்மிஷம்னு போட்டுடலாம். பேப்பர்லகூட அப்படித்தான் எழுதறாங்க.”

“நான் சின்னப் பையனா இருந்தப்ப, சில்மிஷம்னா பிள்ளைங்க பண்ற குறும்புங்க. அதைக் கொண்டுவந்து இதுக்கு எவன் போர்த்தினான்? இந்த ஆளுக்குப் பேரன் இருக்கான்!”

“வேற என்னதான் எழுதறது?”

“நம்ம மெஸ்ஸுல பரிமாறின பிரேம்குமார் ஒரு பொண்ணைப் பார்த்துச் சிரிச்சான். சிரிச்சதுக்கே ‘பொறுக்கி’ன்னு எழுதி ஊருக்கு ரயிலேத்தினீங்க. இதே ரூம்ல! எச்சில் இலை எடுக்கிறவன் சிரிச்சா பொறுக்கி, ஆபீசர் கையைப் பிடிச்சா சபலமா? காமவெறின்னு எழுதுங்க. அதுக்குப் பேரு அதுதான்.”

சேஷாத்ரி குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் மனசாட்சியோட பேசுங்கோ. விஸ்வநாதன் சம்சாரம் சுந்தரவல்லி, கீழே எஸ்.டி.டி. பூத் பெஞ்சில ஒண்டியா உக்காந்திருக்கா. புருஷனுக்காகக் கெஞ்ச வந்திருப்பா. அந்த வார்த்தை காதுல விழுந்தா தாங்குவாளா? நாளைக்கு இந்தப் பாராவுல, அக்கம்பக்கத்துல தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?”

பொங்கலன்று வாசல்வரை ஓடி வந்து, “சாப்பிடாம போகாதீங்கண்ணா” என்று கலங்கியவள் அந்த சுந்தரவல்லி ஒருத்திதான்.

மருதமுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

“அந்தம்மாவுக்காகன்னா... எதையோ எழுதித் தொலைங்க.”

சேஷாத்ரி பேனாவைத் திறந்தார்.

அதுவரை மூலையில் தலைகுனிந்து நின்ற தமிழரசி நிமிர்ந்தாள்.

“அவங்க கெஞ்ச வரல சார். வெளியில சொன்னா எனக்குத்தான் அசிங்கம்னு வீட்டுல அழுதுக்கிட்டுக் கிடந்தேன். விஷயம் தெரிஞ்சு, ஆட்டோவுல கூட்டிக்கிட்டு வந்து என்னை மாடி ஏத்திவிட்டதே அவங்கதான். ‘என் புருஷனுக்கு என்ன வார்த்தை எழுதறாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லு’ன்னு கீழே காத்துக்கிட்டிருக்காங்க!”