பின்னாலிருந்து வரும் காற்று

அன்றைக்கு மனைவி கட்டியிருந்தது பச்சைச் சேலையா, நீலமா என்று அவருக்கு இப்போது நிச்சயமில்லை. ஆழியாறு போகும்போதா, திரும்பி வரும்போதா என்பதும் குழம்புகிறது.

தலைப்பு முன்பக்கமாகப் பறந்தது. அது மட்டும் நிச்சயம்.

கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். நல்ல வேகம். சேலைத் தலைப்பு பின்னால்தானே பறக்க வேண்டும்? அது அவள் தோளைத் தாண்டி வந்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படபடத்தது.

அப்போதுதான் பிடிபட்டது. காற்று எதிரிலிருந்து அடிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே தாண்டிப் போகிறது. பின்னால் சுருள்கிறது. திரும்பி வந்து பிடரியில் அறைகிறது.

முன்கண்ணாடியை அதற்கு முந்தின மாதம் அவர் உயர்த்திப் பார்த்ததில் இரைச்சல் கூடியது ஏன் என்றும் விளங்கியது.

அவருக்குக் காற்று ஒரு பொருட்டல்ல.

அவள் உதடுகள்தான்.

பாப்பா போனதிலிருந்து அவள் வீட்டில் பேசுவதில்லை. சோறு வைப்பாள். விளக்கேற்றுவாள். ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், யாரும் கூப்பிடாமலே போய்க் காரில் உட்கார்ந்துகொள்வாள்.

பொள்ளாச்சி தாண்டிப் புளியமரங்கள் தொடங்கியதும் உதடுகள் அசையும்.

இரைச்சலில் ஒன்றும் கேட்காது. வேகத்தைக் குறைத்தால் உதடுகள் நின்றுவிடும்.

தன்னைத் திட்டுகிறாளோ என்று நினைத்தார்.

திட்டினாலும் சரி. காதில் விழுந்தால் போதும்.

பெயர்ப்பலகை செய்யும் ரங்கநாதன் அவரோடு பள்ளியில் படித்தவர். இருக்கைகளுக்குப் பின்னால் காற்றைத் தடுக்க அவர் கேட்ட, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பலகையை அறுத்துக்கொண்டே சிரித்தார்.

"ஏப்பா, காத்து ஆகாதுன்னா கூரை வெச்ச காரு வாங்கறதுதான? மொட்டை வண்டியும் வேணும், காத்தும் அடிக்கப்படாது. கல்யாணத்துக்குப் போய்ட்டு மோளச் சத்தம் ஆகாதுங்கற கதையாவல்ல இருக்குது!"

அவரும் சிரித்தார். சிரித்து வெகுநாளாகியிருந்தது.

பலகையை மாட்டப் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கவில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், பெட்டி வைக்கிற குறுகிய இடத்தில், பாப்பா உட்காருவதற்காக அவரே ஒரு பெல்ட் பொருத்தியிருந்தார். அதன் போல்ட்டுகளைக் கழற்றினார்.

அதே துளைகள். அளவெடுத்ததுபோல் பொருந்தின.

சின்ன பெல்ட்டைச் சுருட்டி அலமாரியில் வைத்தார்.

ஞாயிறு வந்தது.

புளியமரங்களுக்குள் கார் நுழைந்தது. வேகத்தைக் கூட்டினார். அவள் தலைமுடி ஒன்றுகூட அசையவில்லை. தலைப்பு மடியிலேயே கிடந்தது.

எல்லாம் கேட்டது. தூரத்துத் தேங்காய் லாரியின் ஹாரன். டயரடியில் நெரியும் சரளை. அவள் வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவது.

அவள் மூச்சு.

உதடுகள் மட்டும் அசையவில்லை.

காத்திருந்தார். புளியமரங்கள் முடிந்தன. மலை தெரிந்தது.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினாள். அங்கே இருந்த எதையோ காணாததுபோல் மறுபடியும் தடவினாள். பாப்பா பின்னாலிருந்து இழுத்து விளையாடுகிற பின்னல் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

மெல்லத் திரும்பினாள்.

பலகையைப் பார்த்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த குறுகிய இடத்தைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள்.

ஆஸ்பத்திரிக் கதவின் கண்ணாடியிலும் இப்படித்தான் கை வைத்து நின்றிருந்தாள். கடைசிவரை உள்ளே விடவில்லை.

"பாப்பாவுக்குக் காத்து வருமாங்க?"

தெளிவாகக் கேட்டது.

காரை ஓரங்கட்டினார். ஸ்பேனர் வீட்டில் இருந்தது. விரல்களால் திருகினார். அவர் கையாலேயே இறுக்கிய போல்ட்டுகள். தோல் உரிந்தது. ஒன்றும் அசையவில்லை.

வீடு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

அன்று மாலையே பலகை கழன்றது. ரங்கநாதன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு பல் மருத்துவரின் பெயரை ஒட்டி, கடைவீதியில் மாட்டியும் விட்டார். சின்ன பெல்ட் பழைய இடத்துக்கே போனது. அவள் அதன் பிறகு காரில் ஏறவில்லை. இப்போது உடுமலையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்டும் போகிறார். முன்னைவிட வேகமாக.

புளியமரங்களுக்கிடையே எதிரில் வருகிறவர்கள், அவர் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறார்கள்.