மூன்று ரோல் மலை

“பத்தேகால் மணிக்கு அப்படி என்னடி தலைபோற அவசரம் உனக்கு?”

கணவன் குளியலறை வாசலில் நின்று கத்தினான். கையுறையிலிருந்து மருந்துத் தண்ணீர் சொட்டி, அவள் துடைத்து வைத்திருந்த தரையில் விழுந்தது.

அவள் கதவைத் திறந்தபோது “சாத்து” என்று ஒரு சொல்தான் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, வேலையை முடித்து வெளியே வந்தபின்தான் வெடித்தான்.

“துணி ஊற வைக்க பக்கெட் எடுக்க வந்தேன். கைப்பிடியில கறுப்புத் துணி இல்லையே.”

“இருந்துச்சு.”

“இல்லைங்க. தாழ்ப்பாளும்...”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

கைப்பிடியில் கறுப்புத் துணி தொங்கினால் அந்த வீட்டில் யாரும் குளியலறைப் பக்கம் போகக் கூடாது. உள்ளே அவன் ஃபிலிம் கழுவுகிறான், அல்லது பிரிண்ட் போடுகிறான். ஜன்னலுக்கு அட்டை. சலவை இயந்திரத்தின் மேல் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர். குளிக்கிற இடத்தில் வரிசையாக மூன்று மருந்துத் தட்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம்வரை யாருக்கும் குளியல் கிடையாது. ஆறு வருடமாக, கொடியில் காயும் ஃபிலிமுக்கு அடியில் குனிந்துதான் அவள் பல் துலக்குகிறாள்.

ஒரே ஒருமுறைதான் தவறியிருக்கிறாள். போன வருடம் அலமாரியைத் துடைக்கும்போது பிரிண்ட் காகித உறையைத் திறந்து பார்த்துவிட்டாள். மருந்தில் போட்டதும் அத்தனை தாளும் அடுப்புக்கரியாகக் கறுத்துப்போயின. “பொட்டு வெளிச்சம் போதும். காகிதமோ ஃபிலிமோ, மருந்துல விழுந்தா கரிதான்,” என்று கறுத்த தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான். அதன்பின் ஒரு மாதம் பேசவில்லை.

இந்த முறை பேசினான். நிறுத்தவே இல்லை.

“மூணு ரோல். நூத்தியெட்டுப் படம். மலை உச்சியில மூணு நாள், பனி விலகுமா விலகுமான்னு ஒத்தைக்கால்ல நின்னு எடுத்தது. ஒரு நொடியில ஊத்தி மூடிட்ட.”

“ஃபிலிம் போடுற டப்பா மூடித்தானே இருந்துச்சு?”

“மூடி சரியா உக்காரல. அதுக்குள்ள நீ கதவை ஆ-ன்னு திறந்துட்ட. உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?”

கூடத்தில் நாளிதழ் விரித்திருந்த நாத்தனார் தலை நிமிராமலே சொன்னாள்: “இவ கை பட்டா பச்சை மரமும் பட்டுப்போகும்னு அன்னைக்கே சொன்னேன். மூணு நாள் குளிர்ல கிடந்துட்டு வந்தானே, ஒரு தும்மல் உண்டா? இரும்பு உடம்பு. அதையும் துருப்பிடிக்க வச்சுடுவா.”

“நான் என்ன வேணும்னா செஞ்சேன், அண்ணி?”

“வேணும்னு செஞ்சா உனக்கு இவ்வளவு கச்சிதமா வராதே.”

அவன் கையுறையை உருவி வீசினான். “அடுத்த மாசம் கண்காட்சி. போட்டோ கிளப்புல எனக்குன்னு ஒரு முழுச் சுவரை ஒதுக்கியிருக்காங்க. அதுல இப்ப எதை மாட்டுறது? உன் மூஞ்சியையா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மலைக்குக் கிளம்பும்போது இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்து வைத்தவள் அவள்தான். அவன் தனியாக, அந்தக் குளிரில். கோபத்தைவிடக் குற்ற உணர்வு ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

“கிளப் செயலாளருக்குப் போன் போட்டு நீயே சொல்லு. ‘அவர் மலைக்குப் போய் எடுத்துட்டு வந்தார், நான்தான் கதவைத் திறந்து பாழாக்கிட்டேன்’னு.”

“அவர்கிட்ட நான் எதுக்குங்க...”

“செஞ்சது நீ. நான் போய்த் தலைகுனியணுமா?”

ஈரச் சுருள்களை அள்ளிப் பக்கெட்டில் எறிந்தான். “முதல்ல இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. என் கண்ணுல காட்டாத.”

அவள் உள்ளே போனாள். பக்கெட்டில் கைவிட்டு ஒரு சுருளை எடுத்தாள். ஜன்னல் அட்டையைக் கழற்றினாள். வெயில் விழுந்தது. இரண்டாவதை எடுத்தாள். பிறகு மூன்றாவதை. அங்கேயே நின்றாள்.

“அழுது முடிச்சாச்சா, மகாராணி?” கூடத்திலிருந்து நாத்தனார்.

சுருள்களோடு வெளியே வந்தபோது அவள் கண் காய்ந்திருந்தது. அவன் அதற்குள் எண்ணை அழுத்தியிருந்தான். போனை அவள் முன் நீட்டினான்.

“ஹலோ,” என்றது செயலாளரின் குரல். “ஹலோ? மலை எப்படி வந்திருக்கு?”

அவள் போனை வாங்கி, அணைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“என்னடி, திமிரா?”

அவள் ஒரு சுருளை விரித்து ஜன்னல் வெயிலில் பிடித்தாள். ஓரத்தில் கம்பெனி போட்ட எண்கள் மட்டும் கறுகறுவென்று இருந்தன. நடுவில், எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது.

நாத்தனார் நாளிதழை மடித்தாள்.

“வெளிச்சம் பட்டா கரியாகும்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு ரோலும் ஒரு படம்கூட எடுக்காம கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த மூணு நாளும் எங்க இருந்தீங்க?”