நூறு துலிப்பும் ஒரு முட்டைக்கோஸும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் என் இரண்டு பல்லும் விழட்டும்!

ஹாலந்தில் ஒரு கோட்டையைச் சுற்றி அந்தக் காலத்தில் வெறும் முட்டைக்கோஸ்தான். பிரபு அதையெல்லாம் பிடுங்கிவிட்டு, பெருமைக்காக ஒரே ஒரு துலிப் பூவை நட்டார். ஒன்று நூறாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் கண்ணாடிகளை நிறுத்தினார்.

தப்பிப் பிழைத்த ஒற்றை முட்டைக்கோஸிடம் துலிப் சொன்னது: "நாங்கள் நூறு பேர் ஓய்! நான் சொன்னால் அத்தனை பேரும் தலையாட்டுகிறார்கள். இடத்தைக் காலி பண்ணும்!"

முட்டைக்கோஸ் நடுங்கியபடி எட்டிப் பார்த்தது. அங்கே நூறு முட்டைக்கோஸ்!

"அடேயப்பா, என் சொந்தக்காரங்களும் வந்தாச்சு! இப்ப யாரு தம்பி காலி பண்றது?"

"கோபப்படாதீங்க அண்ணாச்சி, சேர்ந்தே இருப்போம்" என்றது துலிப்.

இருநூறு பேரும் தலையாட்ட, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். என் பேச்சுக்குத் தலையாட்ட எங்கள் வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிதான் இருக்கிறது.