கொள்கையுள்ள செருப்பு

மாசிலாமணி வெளிநாட்டு மலையாற்றில் காற்றடைத்த ரப்பர் படகில் சவாரி போனான். அவனுடைய இடதுகால் செருப்பும் ரப்பர்தான். ஊரில் எத்தனையோ ஊர்வலங்களில் நடந்து தேய்ந்தது.

"தோழரே, மிதிபடுவது நாம், சவாரி அவர்களுக்கா?" என்று அது படகைக் கேட்டது. "இன்னும் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? ஒரே புரட்டாகப் புரட்டித் தள்ளுங்கள்!"

"எனக்கு இதெல்லாம் தோணினதே இல்லையே அண்ணே," என்றது படகு.

"அதற்குப் பெயர்தான் அடிமைப் புத்தி!"

படகுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குள் பாறைகளுக்கிடையே ஆறு சரிந்து நுரைத்தது. படகு ஒரு பக்கமாக எழும்பி, "புரண்டுடட்டுமா அண்ணே? ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று கத்தியது.

செருப்பு பதில் சொல்ல வாயைத் திறந்தது. மாசிலாமணியின் கால்விரல்கள் அதன் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. வார் அறுந்த ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி எறியாமல், தைத்துப் போட்டுக்கொண்ட கால் அது.

"வேண்டாம் தோழரே, நேராகப் போங்கள்!" என்று அலறியது செருப்பு.

"அப்போ போராட்டம்?"

"கொள்கையில் மாற்றமில்லை. ஆனால் இவனுக்கு நீச்சல் தெரியாது!"