சத்தம் வராத வீடியோ

ஏழாம் வகுப்பில் சத்தம் கேட்டால் தலைமை ஆசிரியைக்குக் கோபம் வரும். அன்று சத்தமே கேட்காததால் வந்தது.

செய்யுள் நடக்க வேண்டிய நேரம். விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினார்.

திரையில் ஒரு பெண், வாயே திறக்காமல் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அத்தனை பேரும், ஏன், முன் பெஞ்சு வாயாடிகூட, வாயை மூடிக்கொண்டு அவளைப் போலவே விரல்களை மேலிருந்து கீழே இறக்கினார்கள். தமிழ் டீச்சரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

"டீச்சர், சவுண்டு வைக்கலையா?"

"இதுல சவுண்டே கிடையாது மேடம். பாடத்துல இருக்கிற மழைப் பாட்டுதான். காது கேக்காதவங்களுக்காக சைகையில சொல்றாங்க. நெட்டுல தேடி எடுத்தேன்."

"நம்ம கிளாஸ்ல காது கேக்காத பிள்ளை யாரு?"

"யாருமில்ல மேடம்."

"பின்னே? செய்யுள் நடத்துறீங்களா, ஊமைப்படம் ஓட்டுறீங்களா?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"சாயங்காலம் ஆண்டு விழா. பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. மேடையில இந்தப் பாட்டு சொதப்புச்சுன்னா, அடுத்த வருஷம் இந்தக் கிளாஸ் உங்களுக்கு இல்ல. ஆமா, சொல்லிட்டேன்!"

மேடம் போனதும் டீச்சர் வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டார். பிடிவாதக்காரி!

சாயங்காலம் பிள்ளைகள் ஒரே குரலில், ஒரு சொல் தவறாமல் பாட்டைச் சொன்னார்கள். கூடவே கைகளும் பேசின. தலைமை ஆசிரியைக்கே பிடித்துப்போயிற்று. அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

ஒரு அம்மா மட்டும் கை தட்டவில்லை. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"யாரு டீச்சர் அந்தம்மா? கேட்ல எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கேன், திரும்பிக்கூடப் பாத்ததில்ல. சரியான தலைக்கனம்னு நெனச்சேன்."

"நம்ம வாயாடியோட அம்மா மேடம். அவங்களுக்குக் காது கேக்காது. அந்தப் பொண்ணு இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல, அதான் கிளாஸ்ல வெச்சு நானும் சொல்லல. வருஷா வருஷம் வந்து, மக வாய் அசையறதை மட்டும் பாத்துட்டுப் போவாங்க."

காது கேளாதவர்கள் கைதட்டும் விதத்தில், டீச்சரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

"இன்னைக்குத்தான் மேடம், மக சொல்ற பாட்டு அவங்களுக்குக் கேட்டிருக்கு!"